தோளுயரத் தொட்டி

அமெரிக்காவில் விற்கும் எந்த பிக்கப் வண்டியானாலும், ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு வந்து மூடும் தூணில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பதோடு, ஆளும் சரக்குமாகச் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அந்த ஒரு வண்டிக்கென்றே கணக்கிட்ட ஓர் எண்ணும் அதில் அச்சாகியிருக்கும். விளம்பரங்களில் அந்த எண் வருவதில்லை. வாங்குகிறவர்களில் எத்தனை பேர் குனிந்து பார்க்கிறார்களோ தெரியாது. வாங்காத நான் பார்க்கிறேன். வாகன நிறுத்தங்களில் யாராவது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் என் கண் அங்கேதான் போகும். நல்ல பழக்கம் இல்லைதான்.

ஐந்து பேர் உட்காரும் கேபின், தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை என்று எல்லா வசதியும் வைத்த ஃபோர்டு எஃப்-150 ஒன்றில் அந்த எண் 1,400 பவுண்டை ஒட்டி நிற்கும். கிலோவில் சொன்னால் 635. வாட்டசாட்டமான ஆண்கள் ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தாலே 900 பவுண்ட் போய்விடும். மீதிக்கு 80 பவுண்ட் கான்கிரீட் கலவை மூட்டை ஆறு ஏற்றலாம், ஏழாவதற்கு இடமில்லை. கட்டுமானப் பொருள் கடைகளில் ஒரு பேலட் என்று அடுக்கி வைத்திருப்பது 42 மூட்டை. சரி, ஏற்றத்தான் முடியாது, இழுக்கலாமே என்றால் அங்கேயும் அதே தாள் குறுக்கே வருகிறது. பத்தாயிரம் பவுண்ட் ட்ரெய்லரைக் கொக்கியில் மாட்டினால், அதன் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வண்டியின் பின்புறத்தில் அழுந்தும். அந்த ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ இந்த 1,400-இல்தான் கழியும். பதின்மூன்றாயிரம் பவுண்ட் இழுக்கும் என்று தொலைக்காட்சியில் சொல்வது பொய்யல்ல. ஒல்லியான ஓட்டுநர், துணைக்கு யாரும் இல்லாமல், வசதி எதுவும் வைக்காத வண்டியில் போனால் இழுக்கும்.

நான் இருக்கும் ஹூஸ்டன் புறநகரில் தெருவுக்கு நாலைந்து வீட்டு வாசலில் பிக்கப் நிற்கிறது. கராஜுக்குள் நுழையாது என்பதால் வாசலில் நிற்கிறது. எஃப்-150-இல் அதிகம் விற்கும் மாதிரி பத்தொன்பது அடி நீளத்தையும் தாண்டும். பியர்லாந்து மீனாட்சி கோயில் வாகன நிறுத்தத்திலும் இப்போது இவை தென்படுகின்றன. மென்பொருள் வேலையில் இருக்கும் தம்பி ஒருவர் சென்ற வருஷம் ஒன்று வாங்கினார். எதற்கு என்று கேட்டதற்கு, “வீட்டுக்கு ஒண்ணு இருந்தா நல்லதுண்ணே, எப்பவாச்சும் வேணும்ல” என்றார். அந்த ‘எப்பவாச்சும்’ பற்றிக் கணக்கு இருக்கிறது. ஸ்ட்ராட்டெஜிக் விஷன் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் பிக்கப் உரிமையாளர்களிடம் கேட்டுத் திரட்டிய தகவல்கள் 2019-இல் வெளிவந்தன. நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் வருஷத்துக்கு ஒரு தடவையோ, அதுகூட இல்லாமலோதான் எதையாவது இழுக்கிறார்கள். முப்பத்தைந்து பேர் பின்னால் இருக்கும் தொட்டியில் சரக்கு ஏற்றுவதும் அவ்வளவே.

இந்த எண்களைக் காட்டி, பிக்கப் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வேஷதாரிகள் என்று நகரத்துப் படிப்பாளிகள் எழுதுவதைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும். முப்பத்தைந்து பேர் ஏற்றவில்லை என்றால் அறுபத்தைந்து பேர் ஏற்றுகிறார்கள். வேலி போடுகிறார்கள், மரம் வெட்டிக் கழிக்கிறார்கள், மகளைக் கல்லூரி விடுதியில் குடிவைக்கிறார்கள். என் சிக்கல் வேறு. இந்த வண்டிக்கு இந்த நாட்டில் கிடைத்த சலுகைகள் ஒவ்வொன்றும் உழைப்பாளியின் பெயரைச் சொல்லி வாங்கப்பட்டவை. உழவன், கொத்தன், சிறு வியாபாரி என்று அவர்களைக் காட்டித்தான் சட்டத்தில் விலக்கு வந்தது, வரியில் கழிவு வந்தது. அந்த விலக்குக்குள் ஊரே நுழைந்துகொண்டது. நுழைந்தவர்களின் வசதிக்கேற்ப வண்டி மாறியது. இன்று அதே உழைப்பாளி போய்க் கேட்டால், அவனுக்கு ஏற்ற வண்டி கடையில் கிடைப்பது அரிதாகிவிட்டது.

1925 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் மாடல்-டி காரின் பின்புறத்தில் தொட்டி ஒன்றைப் பொருத்தி 281 டாலருக்கு விற்றது. தொழிற்சாலையே முழுதாகச் செய்து கொடுத்த முதல் பிக்கப்களில் அது ஒன்று. அதற்கு முன்பு விவசாயிகள் தாங்களே காரின் பின்பாதியை அறுத்துப் பெட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் செய்ததைப் பார்த்து ஃபோர்டு செய்தார் என்பதே சரி. அந்தத் தொட்டியின் பக்கச்சுவர் ஓரடி உயரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். வெளியே நின்றபடி கையை நீட்டி மூட்டையை எடுத்துவிடலாம். 1948-இல் எஃப் வரிசை வந்தது. 1977-இலிருந்து அமெரிக்காவில் மிக அதிகம் விற்கும் டிரக் அதுதான். எழுபதுகளில் எஃப்-150 அறிமுகமானபோது அதன் நீளத்தில் 64 சதவீதம் தொட்டி, 36 சதவீதம் கேபின் என்றும், 2021-இல் அது அப்படியே தலைகீழாகி 63 சதவீதம் கேபின், 37 சதவீதம் தொட்டி என்றும் ஆக்ஸியோஸ் செய்தித்தளம் 2023-இல் அளந்து காட்டியது. எட்டடித் தொட்டி ஐந்தரை அடியானது. எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் பலகையைக் கிடத்தினால் இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்கதவைத் திறந்தபடி கயிறு போட்டுக் கட்டித்தான் ஓட்ட வேண்டும். அதே பலகை பழைய டொயோட்டா சியன்னா மினிவேனில் இருக்கைகளைக் கழற்றினால் படுத்துக்கொள்ளும், கதவும் மூடும். மினிவேனில் போய்ப் பலகை வாங்கும் ஆணுக்கு டெக்சாஸில் மரியாதை கிடையாது என்பது தனிக்கதை.

வண்டி ஏன் இப்படி மாறியது என்று பார்க்க, முதலில் கோழிக்கு வர வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா கோழி வளர்ப்பைத் தொழிற்சாலை வேலையாக மாற்றியது. விலை சரிந்து, மலிவுக் கோழி மேற்கு ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் போய்க் குவிந்தது. அந்நாட்டுப் பண்ணைக்காரர்கள் கூச்சல் போட, 1962-இல் ஐரோப்பியப் பொதுச்சந்தை இறக்குமதிக் கோழிக்கு வரியை ஏற்றியது. பேச்சுவார்த்தை பலிக்கவில்லை. 1963 டிசம்பரில், கென்னடி கொல்லப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்த நிலையில், புதிய அதிபர் ஜான்சன் பதில் வரி அறிவித்தார். உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறு டிரக் ஆகிய நான்குக்கும் வரி. டிரக்குக்கு 25 சதவீதம். குறி வைத்தது ஃபோக்ஸ்வாகனின் சின்னஞ்சிறு பிக்கப்பை. மற்ற மூன்றின் மீதான வரி காலப்போக்கில் போய்விட்டது. டிரக் வரி அறுபது ஆண்டுக்கு மேலாகியும் போகவில்லை. சில நாடுகளுக்கு ஒப்பந்தப்படி விலக்கு உண்டு, மற்றபடி அது கல்லாக நிற்கிறது. கோழியும் லாரியும் ஒரே வாக்கியத்தில் வருவதைக் கேட்டு ஒரு நாமக்கல்காரர் வியப்படைய மாட்டார். மற்றவர்களுக்கு நம்பக் கஷ்டம்தான்.

இந்த வரியை ஏய்க்க நடந்த கூத்துகள் ஒரு நாவலுக்குத் தேறும். எழுபதுகளின் இறுதியில் சுபாரு நிறுவனம் தன் பிராட் வண்டியின் திறந்த தொட்டிக்குள் பின்னோக்கிப் பார்க்கும்படி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பொருத்தி அனுப்பியது. இருக்கை இருந்தால் அது கார். காருக்கு அன்று வரி மிகக் குறைவு. துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேன்களைப் பின் இருக்கை, பின் ஜன்னலோடு பயணிகள் வண்டியாகக் கப்பலில் கொண்டுவந்து, சுங்கத்தைத் தாண்டியதும் அந்த இருக்கையைப் பிடுங்கி எறிந்தது ஃபோர்டு. அந்த வழக்கு 2024-இல் 36.5 கோடி டாலர் கொடுத்து முடிந்தது. அமெரிக்க டிரக்கைக் காக்கும் வரியை அமெரிக்க நிறுவனமே ஏய்த்தது என்பது சிரிப்புக்குரியது. ஆனால் வரியின் உண்மையான விளைவு அதுவல்ல. வெளியிலிருந்து சிறிய, மலிவான வேலைவண்டி உள்ளே வரும் வழி அடைபட்டது. போட்டி இல்லாத வேலிக்குள் உள்ளூர்க்காரர்கள் தங்கள் வண்டியை ஊதிப் பெருக்கிக்கொண்டார்கள்.

அடுத்துக் கைகொடுத்தது எரிபொருள் சட்டம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975-இல் வந்த சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் வண்டிகள் சராசரியாக ஒரு காலனுக்கு இத்தனை மைல் ஓட வேண்டும் என்றது. டிரக் என்பது உழைப்பாளியின் கருவி, அதை நெருக்கக்கூடாது என்று அதற்கு மட்டும் தளர்வான அளவு வைத்தார்கள். 2004-இல் கூடக் காருக்கு 27.5 மைல், டிரக்குக்கு 20.7. 2011-லிருந்து சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு பரப்பு இருக்கிறதோ அதற்கேற்ப இலக்கு என்று மாற்றினார்கள். வண்டியைப் பெரிதாக்கினால் இலக்கு இளகும் என்று இதற்கு அர்த்தம். 2025 ஜூலையில், இலக்கைத் தவறினால் கட்ட வேண்டிய அபராதத்தையே பூஜ்யமாக்கிவிட்டார்கள். வருமான வரியிலும் இதே கதை. தொழிலுக்கு வாங்கும் சொகுசுக் காருக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான் கழிக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 6,000 பவுண்டைத் தாண்டினால் அந்த வரம்பு பொருந்தாது. விவசாயிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் என்று விட்ட சந்து. ரியல் எஸ்டேட் தரகரும் பல் மருத்துவரும் அதில் புகுந்து வருகிறார்கள். பாதிக்கு மேல் தொழிலுக்குத்தான் ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

தெற்கு டெக்சாஸில் கிங் ராஞ்ச் என்று ஒரு மாட்டுப் பண்ணை. 1853-இல் தொடங்கியது, எட்டேகால் லட்சம் ஏக்கர். அந்தப் பெயரை வாங்கி ஃபோர்டு 2001-இல் ஓர் எஃப்-150 வெளியிட்டது. குதிரைச் சேணத்துக்குப் போடும் ரகத் தோலை இருக்கைக்குப் போட்டிருந்தார்கள். அதைத் துடைக்கத் தனி எண்ணெய் வேண்டும். மாட்டுச்சாணம் மிதித்த பூட்ஸோடு ஏறுகிறவன் அந்த இருக்கையை என்ன செய்வான்? 2013-இல் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தின் நடுவே ராம் டிரக்குக்கு ஒரு விளம்பரம் வந்தது. வானொலிக்காரர் பால் ஹார்வி 1978-இல் விவசாய மாணவர்கள் மாநாட்டில் ஆற்றிய உரையின் ஒலி, அதன் மேல் வரிசையாக உழவர்களின் நிழற்படங்கள்: வெடித்த கை, பனிமூடிய களம், வயலில் நிற்கும் கிழவர். இரண்டு நிமிஷம். நான் கண் கலங்கிப் பார்த்தேன், இப்போது பார்த்தாலும் கலங்குவேன். ஆனால் 2022 வேளாண் கணக்கெடுப்பின்படி பகுதிநேர விவசாயிகளையும் சேர்த்து இந்த நாட்டில் விவசாயம் பார்ப்பவர்கள் ஏறத்தாழ 34 லட்சம் பேர். எஃப் வரிசை மட்டும் 2018 என்ற ஒரே வருஷத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. அந்த விளம்பரத்தில் இருந்தவர் உழவர். அது யாரைப் பார்த்துப் பேசியதோ அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து கோழி இறக்கை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் நண்பரின் மாமனார் நாமக்கல் பக்கத்திலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்தார். நாற்பது வருஷம் லாரி வைத்துப் பிழைத்தவர். சேஸிஸாக வாங்கி, பட்டறையில் பாடி கட்டி, வட மாநிலம் வரைக்கும் ஓட்டிய தலைமுறை. கட்டுமானப் பொருள் கடைக்கு வெளியே நாங்கள் நின்றிருந்தபோது அவர் பார்வை பக்கத்தில் நின்ற பெரிய பிக்கப் மேல் விழுந்தது. சுற்றி வந்தார். டயரைத் தட்டினார். பிறகு தொட்டியின் பக்கச்சுவர் மேல் கையைப் போட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். சுவர் அவர் தோளுக்கு இருந்தது. கையை எவ்வளவு நீட்டியும் தரை எட்டவில்லை.

“ஏனுங் தம்பி, இதுல மூட்டையை எப்படீங்க எடுக்கறது? ஆளு உள்ள எறங்கோணுமாட்ட இருக்குது.”

பின்பக்கமாக ஏறுவார்கள் என்றேன்.

“ஏறதுக்கு ஏணி?”

இருக்கிறது என்று நான் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. உண்மையில் இருக்கிறது. ஃபோர்டு தன் பின்கதவுக்குள் மடக்கி வைத்த படியொன்றையும் கைப்பிடிக் கம்பியொன்றையும் 2008-ஐ ஒட்டிக் கொண்டுவந்தது. 2010 வாக்கில் செவ்ரலே அதைக் கிண்டலடித்து விளம்பரம் எடுத்தது. முன்னாள் கால்பந்து வீரர் ஹவி லாங் வந்து, படி வைத்து ஏறும் ஆம்பளையா நீ என்ற தோரணையில் பேசுவார். பத்து வருஷம் கழிவதற்குள் செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் ஜிஎம்சி சியெராவுக்கு ஆறு விதமாக மடங்கும் பின்கதவைச் செய்து, அதில் ஒரு மடக்கைப் படியாக்கி, பெருமையாக விற்றது. வண்டி உயரமாகிக்கொண்டே போனால் கிண்டலடித்தவனுக்கும் முட்டி வலிக்கத்தானே செய்யும். உயரம் ஏன் கூடியது என்று எந்த லோடுமேனையும் கேட்டிருக்க மாட்டார்கள். தினமும் முப்பது தடவை ஏற்றி இறக்குகிறவனுக்குத் தளம் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். பெரியவர் அதைத்தான் பிறகு விளக்கினார். ஊரில் குட்டியானை ஓடுவதே அதனால்தான், பெண்பிள்ளை ஒருத்தி தனியாகத் தக்காளிக் கூடை இறக்கிவிடுவாள் என்றார்.

ஜப்பானின் கெய் டிரக் இதே அறிவில் பிறந்தது. 660 சிசி எஞ்சின், 3.4 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டருக்கும் குறைந்த அகலம், ஏற்றும் எடை 350 கிலோ. ஓட்டுநர் எஞ்சின் மேலேயே உட்கார்ந்துகொள்வதால் மிச்ச இடம் முழுக்கச் சரக்குக்கு. சுசுகி கேரியின் தளம் ஆறடி நீளத்துக்கு மேல். எஃப்-150-இன் சாதாரணத் தொட்டியைவிட நீளம். தரையிலிருந்து இரண்டடிக்குச் சற்றே மேலே இருக்கிறது, மூன்று பக்கமும் பலகையைச் சாய்த்துவிடலாம். இருபத்தைந்து வயதான வண்டி என்றால் அமெரிக்காவுக்குள் இறக்கலாம் என்ற விதியைப் பிடித்துச் சில விவசாயிகளும் காப்பிக்கடைக்காரர்களும் இவற்றை வரவழைக்கிறார்கள். சில மாநிலங்கள் பாதுகாப்பில்லை என்று பதிவு செய்ய மறுக்கின்றன. டெக்சாஸ் மறுத்துவந்து 2024-இல் இறங்கி வந்தது. பாதுகாப்பில்லை என்பது உண்மைதான். பெரிய பிக்கப் மோதினால் கெய் டிரக் நசுங்கிவிடும். அந்த உண்மையின் மறுபாதியைப் பற்றி மட்டும் பதிவு அலுவலகத்தில் யாரும் பேசுவதில்லை.

மறுபாதி இது. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையம் 2023 நவம்பரில் ஏறத்தாழ 18,000 பாதசாரி விபத்துகளை அலசி ஒரு முடிவு வெளியிட்டது. முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், 30 அங்குலமும் அதற்குக் கீழுமாகச் சரிந்த முகப்புள்ள வண்டியைக் காட்டிலும், நடந்துபோகிறவர் இறக்கும் வாய்ப்பு 45 சதவீதம் போல அதிகம். தாழ்ந்த முகப்பு காலில் இடித்து ஆளை மூடி மேல் சாய்க்கிறது. உயர்ந்த முகப்பு நெஞ்சிலும் தலையிலும் இடித்துக் கீழே தள்ளுகிறது. 2009-இல் அமெரிக்காவில் சாலையில் இறந்த பாதசாரிகள் நாலாயிரத்துச் சொச்சம். 2022-இல் ஏழாயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிட்டது. கைபேசியும் அகலச் சாலையும் இருட்டும் அதில் பங்காளிகள். பழி முழுவதையும் வண்டி மேல் போட்டால் நியாயமாகாது. ஆனால் முகப்பு உயர்வதற்குச் சரக்கோடு தொடர்பே இல்லை. 1994-இல் டாட்ஜ் ராம் நெடுஞ்சாலை லாரியைப் போல மூக்கை நிமிர்த்தி வந்து விற்பனையில் பிய்த்து உதறியது. அன்றிலிருந்து ஒவ்வொருவரும் நிமிர்த்திக்கொண்டே போகிறார்கள். வேலைக்குத் தேவை என்ற வாதம் இந்த இடத்தில் பேச்சின்றி நின்றுவிடுகிறது.

அப்படியானால் உண்மையில் வேலை செய்கிறவர்கள் எதில் போகிறார்கள்? குழாய் வேலைக்காரரும் மின்வேலைக்காரரும் பெரும்பாலும் வேனில் வருகிறார்கள்: டிரான்சிட், ப்ரோமாஸ்டர், ஸ்ப்ரிண்டர். ஹூஸ்டன் மழையையும் திருட்டையும் வைத்துக்கொண்டு திறந்த தொட்டியில் கருவிகளை விட்டுவைக்க அவர்களுக்குப் பைத்தியமா? புல் வெட்டும் குழுக்கள் பிக்கப்பில்தான் வருகின்றன, ஆனால் எந்திரமெல்லாம் ட்ரெய்லரில் இருக்கும்; தொட்டியில் தண்ணீர்க் கேனும் குப்பைப் பையும். கூரை ஓடு போடும் மெக்சிகோக்காரர்களுக்கு ஓட்டுக் கட்டுகளை விற்பனையாளரே பெரிய லாரியில் கொண்டுவந்து கூரை மேலேயே ஏற்றிக் கொடுத்துவிடுகிறார். கனமான சரக்கு இப்படித்தான் நகர்கிறது. எனக்கு நாலு மூட்டை உரமும் ஒரு கதவும் வேண்டுமென்றால், கடையிலேயே டிரக்கை மணிக்கணக்கில் இருபது டாலரை ஒட்டி வாடகைக்குத் தருகிறார்கள். ‘எப்பவாச்சும்’ என்பதற்கு அறுபதாயிரம் டாலருக்கும் இருபது டாலருக்கும் நடுவே விலை பேசலாம் என்று தம்பியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கடைக்கு எதிரில் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் பாவம். இரண்டு குழந்தைகள், இரண்டு கார் சீட், ஊரிலிருந்து வரும் மாமனார் மாமியார், வாரக்கடைசியில் சைக்கிளும் கூடாரமும். நாலு கதவுக் கேபின் குடும்பக் காராகத்தான் இருக்கிறது; ஃபோர்டு 2018-இல் வட அமெரிக்காவில் சாதாரணக் கார்களைக் கைவிடுவதாக அறிவித்த பிறகு அந்த நிறுவனத்தின் கடையில் குடும்பக்காரன் வேறு எதை வாங்குவான்? 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்து மின்சாரம் நின்றபோது, ஜெனரேட்டர் பொருத்திய ஹைபிரிட் எஃப்-150-களை மக்களுக்கு இரவல் கொடுக்கும்படி ஃபோர்டு விற்பனையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வாசலில் நின்ற வண்டி வீட்டுக்குள் ஹீட்டரை ஓட்டியது. அந்த வாரம் குளிரில் நடுங்கியவர்கள் யாரும் தொட்டியின் நீளத்தை அளந்திருக்க மாட்டார்கள். சிறியதற்கு ஆளில்லை என்பதும் பொய். 2021-இல் ஃபோர்டு மேவரிக் என்ற சின்ன ஹைபிரிட் பிக்கப்பை இருபதாயிரம் டாலருக்கு ஐந்து டாலர் குறைத்து விலை வைத்து அறிவித்தது. முன்பதிவு குவிந்து, ஆர்டர் வாங்குவதையே நிறுத்த வேண்டி வந்தது. பிறகு விலை ஏறிக்கொண்டே போனது, அது வேறு விஷயம்.

பெரிய வண்டி உண்மையிலேயே வேண்டியவர்களும் இருக்கிறார்கள்: இருபது மாடுகளைக் கூஸ்நெக் ட்ரெய்லரில் ஏற்றிச் சந்தைக்குப் போகிறவர், அரை டன் வைக்கோல் உருளையைத் தூக்குகிறவர், மிட்லாண்ட் எண்ணெய் வயலில் சுண்ணாம்புக் கல் பாதையில் நாளெல்லாம் ஓடுகிறவர். இவர்களுக்கு எஃப்-150 போதாது. பின்னால் நான்கு சக்கரம் வைத்த 350 ரகம் வேண்டும். அவர்களில் என்னைக் கவர்ந்தவர்கள் குழாய்ப்பாதை வெல்டர்கள். நாமக்கல் பெரியவரையும் கவர்ந்தவர்கள் அவர்களே. பெட்ரோல் நிலையம் ஒன்றில் அப்படி ஒரு வண்டி நின்றது. புது டிரக், ஆனால் கம்பெனி கொடுத்த தொட்டி இல்லை. அதைக் கழற்றிவிட்டு, இரும்புத் தகட்டில் தட்டையாகத் தானே ஒரு பாடி கட்டியிருந்தார் அந்த ஆள். கேபினுக்குப் பின்னால் லிங்கன் வெல்டிங் மெஷின். பக்கவாட்டில் கேபிள் சுருள்கள், நிமிர்ந்து நிற்கும் ஆக்சிஜன், அசெட்டிலின் சிலிண்டர்கள், பின்மூலையில் பெரிய பிடிப்புக்கருவி. தளம் இடுப்புயரம். எதையும் எட்டி எடுக்கலாம், எதற்கும் ஏற வேண்டாம். இந்தத் தொழிலில் வெல்டரின் கூலியோடு வண்டிக்கும் மெஷினுக்கும் தனியாக வாடகை உண்டு. அதனால் வண்டிதான் அவர் பட்டறை.

பெரியவர் ஒவ்வொரு மூலையாகத் தொட்டுப் பார்த்தார். பற்றவைப்பு எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே அவசரப்பட்டிருக்கிறார் என்று என்னிடம் தமிழில் சொன்னார். “இது நம்மூரு வேலையாட்டவே இருக்குது, சேஸிஸ் வாங்கிக் கட்டிக்கிட்டான்” என்றார். வெல்டர் கையைத் துடைத்தபடி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கழற்றிய தொட்டியை என்ன செய்தாய் என்று கேட்கச் சொன்னார் பெரியவர், கேட்டேன். பெயின்ட்கூடக் கீறாத புதுத் தொட்டிக்கு எப்போதும் ஆள் இருக்கிறது, விளம்பரம் போட்ட அன்றே விற்றுவிட்டது என்றார். நெடுந்தூரத்திலிருந்து ஒருவர் வந்து வாங்கிப் போனாராம். பல்பொருள் அங்காடியில் பின்னால் எடுக்கும்போது விளக்குக் கம்பத்தில் இடித்து அவருடைய தொட்டி நசுங்கிவிட்டதாம்.